நாலு நாள் வள்ளம்

எங்கள் வீட்டு ஆண்கள் கட்டிய வள்ளத்தில் எங்கள் வீட்டார் யாரும் ஏறக்கூடாது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சமைத்தவள் சாப்பிடக்கூடாதா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். வள்ளக்கடவில், பார்வதி புத்தனாற்றின் கரையில், என் கணவர் வீட்டார் எத்தனை தலைமுறை வள்ளம் கட்டினார்களோ அத்தனை தலைமுறையும் கரையில் நின்று வழியனுப்பியதோடு சரி.

காரணம் ஓர் ஆணி. வேலையெல்லாம் முடிந்த பிறகு வள்ளத்தின் முன்மூக்கில் ஒரே ஒரு மர ஆணியை மட்டும் அடிக்காமல் விட்டுவைப்பார்கள். கருமருதில் சீவிய ஆணி, கட்டைவிரல் கனம் இருக்கும். துளையில் லேசாகச் செருகி, பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வள்ளத்துக்கு உரியவர் வந்து தம் கையால் அதை அடித்து இறக்கவேண்டும். அடித்தவருடையது வள்ளம். அன்றைக்கே, விளக்கு வைக்கும் முன், அது தண்ணீரைத் தொட்டாகவேண்டும். பிறகு கட்டியவன் வீட்டார் அதில் கால் வைக்கக்கூடாது. பழுது பார்ப்பதானாலும் கரையில் இழுத்துப் போட்டுத்தான். கட்டியவனும் ஏறி உட்கார்ந்தால் யார் பேச்சைக் கேட்பது என்று வள்ளம் திகைத்துப்போகுமாம். ஆணி அடிக்காத வள்ளம் தண்ணீரில் இறங்காது. ஆணி அடித்த வள்ளம் எங்களுடையது இல்லை. அப்புறம் நாங்கள் எங்கே ஏறுவது?

நான் கோட்டாறுக்காரி. சுதந்திரம் கிடைத்த வருஷம் கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தேன். என் அப்பா வீட்டிலும் ஆசாரிமார்தான், ஆனால் கதவும் கட்டிலும் செய்கிறவர்கள். கதவை எங்கே வைத்தாலும் அங்கேயே நிற்கும். அதனால் கதவைப் பார்த்து நான் ஒருநாளும் ஏங்கியதில்லை. வந்த மூன்றாம் நாள் கொட்டகைக்குச் சோறு கொண்டுபோனேன். அங்கேதான் அதைப் பார்த்தேன்.

மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் கட்டச் சொன்ன வள்ளம் அது. பாய் விரித்து ஓட்டுகிற உல்லாசப் படகு. அவர்கள் அதை யாட் என்பார்களாம். எங்கள் பக்கத்தில் துரைவள்ளம் என்றுதான் பெயர். நான் பார்த்தபோது விலா எலும்பு மட்டும்தான் இருந்தது. பக்கத்தில் கொல்லத்துக் கூரையோட்டு வியாபாரிக்கு ஒரு சரக்கு வள்ளம் பாதி வேலையில் கிடந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். சரக்கு வள்ளத்துக்கு வயிறு இருந்தது. இதற்கு இடுப்பு இருந்தது. கல்யாணமாகி மூன்று நாள்கூட ஆகாத பெண் இதைச் சொல்லலாமா என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் துரை மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குப் போய்விட்டார். போகிறபோது வள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்று வருஷத்துக்கு மேல் அந்த எலும்புக்கூடு கொட்டகையின் மூலையில் கிடந்தது. என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், அதைப் பிரித்து வேறு வேலைக்கு எடுத்துவிடலாம் என்று வருஷத்துக்கு ஒருமுறை சொல்வார். இவர், என் கணவர், காதில் விழாதவர்போலத் தன் வேலையைப் பார்ப்பார். அவருக்குப் பேச்சு என்பது பெரும்பாலும் தலையசைப்புதான். அளந்ததையே மறுபடி அளப்பவர். அண்ணன் அந்தப் பக்கம் போனதும் ஒரு துணியை எண்ணெயில் முக்கி எடுத்துவந்து அந்த விலாக்களைத் துடைத்துவிட்டுப் போவார். நான் பார்ப்பதை அவர் பார்த்தால் துணியைப் பின்னால் மறைத்துக்கொள்வார்.

பிறகு நகரத்து டாக்டர் ஒருவர் வந்தார். வெளிநாட்டில் படித்தபோது பாய்ப்படகு ஓட்டிப் பழகியவர். எலும்புக்கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி நின்றார். இதை முடித்துக் கொடுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள்.

அந்த ஒன்பது மாதத்தைப் போல ஒரு காலம் எனக்கு வாய்த்ததில்லை. ஆஞ்சிலிப் பலகையை நெருப்பில் வாட்டி, ஈரச்சாக்கு போட்டு, வளைத்து வளைத்துப் பொருத்துவார்கள். மற்ற வள்ளம் எதையும் நான் நின்று பார்த்ததில்லை. இதைப் பார்க்க மட்டும் வேலையைப் போட்டுவிட்டு வருவேன். ஏன் என்று பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். மற்ற வள்ளத்துக்கெல்லாம் ஒரு பாரம் காத்திருந்தது. ஓடு, கொப்பரை, மணல், தேங்காய்த் தொண்டு. இது ஒன்றையும் சுமக்கப் போவதில்லை. ஓர் ஆளும் காற்றும் போதும். காலையில் எழுந்தது முதல் எதையாவது தூக்கிக்கொண்டே நடக்கிற பெண்ணுக்கு, சும்மா மிதப்பதற்கென்றே ஒரு பொருளை இத்தனை அழகாகச் செய்கிறார்களே என்று இருக்காதா? எனக்கு இருந்தது. பொறாமை என்றே சொல்லலாம்.

கொட்டகையில் விழுகிற மரச்சுருளை ஓலைக் கடவத்தில் அள்ளிக்கொண்டு போய் அடுப்பெரிப்பது என் வேலை. அதனால் எந்த மரம் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். ஆஞ்சிலி மஞ்சளாகச் சுருளும், நிதானமாக எரியும். தேக்கு எண்ணெய் வாசம் அடிக்கும். கருமருது கறுத்த பொடியாக வரும், தணல் நெடுநேரம் நிற்கும். கல்யாண முருங்கையை இங்கே முருக்கு என்பார்கள். வெள்ளைவெளேரென்று பஞ்சு மாதிரி இருக்கும், தீ வைத்ததும் புகைந்துவிட்டுப் போய்விடும். பிள்ளைகளுக்குப் பொம்மை செய்யத்தான் அது ஆகும். வள்ளத்தில் அதற்கு என்ன வேலை?

பாய் தைப்பது எங்கள் வீட்டில் பெண்கள் பொறுப்பு. அந்த வருஷம் நான்தான் தைத்தேன். சாலைக் கடைத்தெருவில் கித்தான் வாங்கி வந்தார்கள். உள்ளங்கையில் தோல்பட்டை கட்டிக்கொண்டு, நூலில் தேன்மெழுகு தடவி, இரண்டு அறையும் முற்றமும் நிறைய விரித்துப் போட்டுத் தைத்தேன். வீட்டில் நடப்பவர்கள் சுவரோரமாக ஒண்டி ஒண்டிப் போகவேண்டியிருந்தது. மூன்றாவது தையலை ரவிக்கை தைப்பதுபோல் இறுக்கித் தைத்துவிட்டேன். அங்கே லேசாகச் சுருக்கம் விழுந்தது. பிரித்துத் தைக்கிறேன் என்றதற்கு இவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார்.

கடைசித் தையல் முடித்த அன்று மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "ஒரே ஒரு தடவ, இந்தப் பாய் காத்துல நிறையியத உள்ள இருந்து பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

"நடக்கிய காரியமா சொல்லு. சவத்த விடு," என்றார்.

விடவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன். வழக்கத்தை இவர் உண்டாக்கவில்லை, மாற்றவும் முடியாது என்று தெரிந்தும் கோபம். நான் ஊரைவிட்டு வந்தேனே, வீட்டைவிட்டு வந்தேனே, எதையாவது எனக்கு வேண்டும் என்று கேட்டேனா என்று மனசுக்குள் கணக்கில்லாமல் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால், முன்மூக்கில் அந்தக் கடைசி ஆணி நீட்டிக்கொண்டு நின்றது. எல்லா மரத்தோடும் சேர்த்து அதற்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசியிருந்தது. கன்னங்கரேலென்று இருந்தது. பார்க்கவே பிடிக்கவில்லை.

டாக்டர் வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை காலை அத்தான் கயிறு வாங்கச் சாலைக்குப் போயிருந்தார். நான் கஞ்சி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போகிறேன். வழியிலேயே அந்தச் சத்தம் கேட்டது. கொட்டாப்புளியால் ஆணியை அடிக்கிற சத்தம். இறங்க இறங்கச் சத்தம் மாறும், கடைசி அடி கெட்டியாக விழும். அந்தக் கெட்டி அடியைக் கேட்டபோதுதான் உறைத்தது. அடிக்க வேண்டிய ஆணி வள்ளத்தில் ஒன்றுதானே பாக்கி?

கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். இவர் கொட்டாப்புளியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். ஆணி முழுக்க இறங்கியிருந்தது.

"அடிச்சுப்போட்டேன்," என்றார். "கை ஓர்மையில்லாம அடிச்சிற்று."

இது எங்கள் வீட்டு ஆண்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. ஓர் ஆணி தளர்ந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு அவர்களால் சும்மா இருக்க முடியாது. கண்ணில் மணல் விழுந்த மாதிரி. ஒவ்வொரு வள்ளத்திலும் அந்த ஒரு ஆணியைக் கடந்து போகும்போது கையைக் கட்டிக்கொண்டு போவார்கள். நான் நம்பிவிட்டேன். மணலில் உட்கார்ந்து சிரித்தேன். தொழில் மறந்த ஆசாரி என்றேன், அளந்து அளந்து மூளையும் தேய்ந்துபோயிற்றா என்றேன். இரண்டு நாள் கோபத்தையும் சேர்த்துக் கொட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார்.

அத்தான் வந்ததும் முதலில் கோபப்பட்டார். பிறகு அவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் பரம்பரையிலேயே இப்படி ஒருத்தன் பிறக்கவில்லை என்றார். ஆனால் வழக்கம் வழக்கம்தான். அடித்தவருடையது வள்ளம், விளக்கு வைக்கும் முன் தண்ணீரில் இறங்கவேண்டும். டாக்டர் வரும்போது அடித்த ஆணியைக் குடைந்து எடுத்துவிட்டு வேறு ஆணி போட்டுக்கொள்ளலாம். அதுவரை வள்ளம் இவருடையது. கட்டியவனும் உரியவனும் ஒரே ஆள் என்பதால், யார் பேச்சைக் கேட்பது என்று அது திகைக்கவும் வேண்டாம். ஆள் கூட்டி வந்து உருட்டுக்கட்டை போட்டு ஆற்றில் இறக்கினார்கள். அத்தான் தண்ணீரில் முழங்கால் அளவு நின்று, தம்பியைப் பார்த்துக் கைகூப்பி, "மொதலாளி, நானும் ஏறலாமா?" என்று கேட்டார். இறக்க வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

நான் கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன்.

அன்று பாய் விரிக்கவில்லை. பாலங்களுக்கு அடியில் நுழையவேண்டும் என்பதால் பாய்மரத்தைப் படுக்கவைத்து, கழுக்கோல் ஊன்றி வேளிக் காயல் வரை கொண்டுபோனார்கள். நான் பின்பக்கம் கயிற்றுச் சுருளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். நான் தினமும் நடக்கிற கரை, நான் துணி துவைக்கிற கல், எல்லாம் எனக்குப் பக்கத்தில் மெல்ல நகர்ந்து போயின. என் வீட்டை முதல் தடவையாகத் தண்ணீரிலிருந்து பார்த்தேன். யாரோ வேறு ஒருத்தி வீடு மாதிரி இருந்தது.

மறுநாள் ஆற்றங்கரையோடு நாங்கள் இரண்டு பேரும் வேளிக்கு நடந்தோம். பாய்மரம் நிறுத்தி, பாயை ஏற்றினார். சொன்னால் வெட்கம், வள்ளம் கட்டத் தெரிந்த மனுஷனுக்கு ஓட்டத் தெரியவில்லை. எப்படித் தெரியும், ஏறினால்தானே? பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. வள்ளம் நின்ற இடத்திலேயே இரண்டு சுற்று சுற்றியது. கரையில் வலை காயப்போட்டவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நான் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் சுக்கானைக் கொஞ்சம் தள்ளினார், கயிற்றைக் கொஞ்சம் இழுத்தார். மேற்கே கடல் பக்கத்திலிருந்து வந்த காற்று சட்டென்று பாய்க்குள் இறங்கியது.

எல்லாச் சத்தமும் நின்றுபோயிற்று. அதை நான் எதிர்பார்க்கவில்லை. காற்று நிறைந்தால் பெரிய சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். பாய் மூச்சை உள்ளே இழுத்த மாதிரி நிறைந்து, அப்படியே நின்றது. வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு ஓடியது. பலகைக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற ஓசை மட்டும் கேட்டது. பலகையில் உள்ளங்கையை வைத்தேன், மெல்லிசாக ஒரு நடுக்கம். நான் அடுப்புக்கு அள்ளிக்கொண்டு போன சுருளெல்லாம் இந்தப் பலகையிலிருந்து வந்ததுதானே என்று தோன்றியது. தலைக்கு மேலே மூன்றாவது தையல் ஓரத்தில் சுருக்கம். அதைப் பார்த்தபோது அழுகை வந்தது. நான் தைத்தது, நான் தைத்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கரையை முட்டப் போவதுகூடத் தெரியாமல்.

புதன், வியாழன் இரண்டு நாளும் போனோம். வியாழக்கிழமை அவர் கை பழகிவிட்டது. ஆக்குளம் பக்கம் வரைக்கும் போய்த் திரும்பினோம். டாக்டர் வராமல் இருந்தால் நன்றாயிருக்குமே என்று நினைத்தேன். ஒரு நல்ல மனிதரைப் பற்றி அப்படி நினைத்தது பாவம்தான். ஆனாலும் நினைத்தேன். வெயில் சாய்ந்து கரைக்கு வரும்போது, இதை நாமே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன். கேட்டது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும்.

"பாத்தாச்சுல்லா?" என்றார். "மதி, போதும் கேட்டியா."

வெள்ளிக்கிழமை டாக்டர் வேளிக்கே வந்தார். வள்ளத்தைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். தம்பி தெரியாமல் ஆணியை அடித்ததையும், நாலு நாள் ஓட்டியதையும் அத்தான் மறைக்காமல் சொன்னார். அப்படியானால் ஒழுகாது என்று தெரிந்துவிட்டது என்று சொல்லி டாக்டர் சிரித்தார். அவரைத் தென்னை நிழலில் உட்காரவைத்து இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார் அத்தான். ஆணியைக் குடைய அத்தான்தான் வருவதாக இருந்தது. இவர் விடவில்லை. நான் அடித்ததை நான்தான் எடுக்கவேண்டும் என்று துரப்பணத்தை வாங்கிக்கொண்டார்.

மரச்சுருள் விழுகிற இடத்தில் கடவத்தைக் கொண்டுபோய் வைப்பது எனக்குக் கை பழகின காரியம். அன்றும் போய் முன்மூக்குக்குக் கீழே வைத்தேன். கருமருதைக் குடைவதென்றால் தோள் நோகும், அரைமணி நேரமாவது ஆகும். துரப்பணம் நாலு சுற்று சுற்றியது. மேலே எண்ணெய் பூசின கறுப்பு ஒரு சிட்டிகை விழுந்தது. அதன் பிறகு விழுந்ததெல்லாம் வெள்ளை. வெள்ளைவெளேரென்று, பஞ்சு மாதிரி.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. துரப்பணத்தை நிறுத்தாமல், காலால் மணலைத் தள்ளிக் கடவத்துக்கு வெளியே விழுந்ததை மூடினார். எளிதாகக் குடைந்து எடுக்க முருக்கில் ஆணி சீவி, யாருக்கும் தெரியாதபடி எண்ணெய் பூசி, அண்ணன் இல்லாத நேரம் பார்த்து அடித்திருக்கிறார். கை மறந்து அடித்த மனுஷனா இவர்? நான் பேசாமல் இருந்த இரண்டு நாளில் உட்கார்ந்து சீவியிருக்கிறார். நாலு நாளும் நான் திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டிருக்கிறார். கடவத்தைச் சேலைத் தலைப்பால் மூடி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். 

புது ஆணி கருமருதில் வந்தது. டாக்டர் அடித்தார். வள்ளம் போயிற்று.

அதன் பிறகு மழைக்காலத்தில், காயல் கடலோடு சேருகிற வேளிப் பொழி திறக்கும்போதெல்லாம் டாக்டர் அதைக் கடலுக்குக் கொண்டுபோவார் என்று கேள்விப்பட்டு, சங்குமுகம் கடற்கரையில் போய் நிற்பேன். தூரத்தில் ஒரு வெள்ளைப் பாய் தெரியும். அந்தத் தூரத்தில் சுருக்கம் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரியும். கோட்டாறு சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம் டாக்டர் கொச்சிக்கு மாற்றலாகிப் போனார், வள்ளத்தையும் கொண்டுபோய்விட்டார். பிறந்த வீடு தெற்கே ஒரு ராஜ்யத்துக்குப் போயிற்று, வள்ளம் வடக்கே போயிற்று. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு நான் வள்ளத்துக்காகத்தான் அதிகம் அழுதேன். என் கணவரும் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவரையும் வள்ளத்தையும் சேர்த்து நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். அந்த நாலு நாளுக்குப் பிறகு ஆறு மாதத்தில் ஓட்டு வியாபாரிக்கு இன்னொரு வள்ளம் முடிந்தது. கொட்டகை நிறைய ஆட்கள். வியாபாரி ஆணி அடிக்க வந்து நிற்கிறார். அத்தான் குரலை உயர்த்தி, தம்பி கையிலிருக்கும் கொட்டாப்புளியை முதலில் வாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் இதையும் அடித்துச் சொந்தமாக்கிக்கொள்வான் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், தலையைச் சொறிந்துகொண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை நேர்த்தியான வேலைக்காரர், இத்தனை பேருக்கு நடுவில் வேலை தெரியாதவராக நிற்கிறாரே என்று இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தான் வாய் அடைத்துவிடும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால், மறதியாகப் போனது துணிந்து செய்த துரோகமாகிவிடும். வழக்கத்தை உடைத்தவன் என்று அண்ணன் அவரைக் கொட்டகைக்குள்ளேயே விடமாட்டார்.

இவர் தண்ணீர் குடிக்க வருகிறவர்போல என் பக்கம் வந்தார். செம்பை வாங்கினார். குடிக்கும் முன், உதடு அசையாமல் சொன்னார்.

"சிரி பிள்ளே. நீ சிரிக்காட்டா அண்ணனுக்குத் தெரிஞ்சு போவும்."

நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.